சுவரில் முளைத்த அரசங்கன்று

தரங்கம்பாடியில் பிறந்தவனுக்குக் கடற்கரைக் கோட்டை ஓர் அதிசயமில்லை. 1620இல் டேனியர் கட்டியது என்று பள்ளியில் படித்தோம். எங்களுக்கு அது சாயங்காலம் பந்து விளையாடும் திடலின் ஓரத்துச் சுவர், அவ்வளவுதான். 2004 டிசம்பரில் கடல் ஊருக்குள் வந்துபோன பிறகுதான், நேற்று நின்ற வீடு இன்று இல்லாமல் போகும் என்பது உறைத்தது. கேமரா வாங்கினேன்.

முதலில் எடுத்ததெல்லாம் எல்லோரும் எடுக்கும் படங்கள். 1792 என்று நெற்றியில் எழுதிய நகர வாயில், பாதிரியார் சீகன்பால்கு 1718இல் எழுப்பிய புதிய எருசலேம் ஆலயம், செப்பனிட்டு மீட்ட ஆளுநர் மாளிகை. விடிந்ததும் கடல் பக்கத்து வெயில் சுண்ணாம்புச் சுவரில் விழும்போது யார் எடுத்தாலும் படம் நன்றாக வரும். ஆனால் எனக்கு அவற்றைவிடப் பொற்கொல்லர் தெரு பெரிது. சுனாமிக்குப் பின் அங்கே சாதாரணக் குடும்பங்களின் ஓட்டு வீடுகளைத் திண்ணை மாறாமல் செப்பம் செய்து கொடுத்தார்கள். அந்தத் திண்ணைகளில் இன்றும் கீரை ஆய்கிறார்கள். காப்பாற்றப்பட்ட வீடு என்றால் அதுதான்.

பூட்டிக் கிடப்பவை தனிக் கதை. மாயவரத்திலிருந்து 1926இல் வந்த ரயில் 1986இல் நின்றுபோனது. ரயிலடிப் பக்கம் போனால் இன்னும் மனம் கனக்கும். அதைவிடக் கனமானது எங்கள் தெருக்கோடி வீடு. பங்காளிகள் ஆளுக்கொரு ஊர். சாவி யாரிடம் என்பதே தெரியவில்லை. ஒருமுறை மழைக்கசிவுக்கு யாரோ சிமெண்ட் பூசிவிட்டுப் போனார்கள். சுண்ணாம்புக் காரை மூச்சு விடும், சிமெண்ட் விடாது என்பார் எங்கள் கொத்தனார். உள்ளே அடைபட்ட ஈரமும் உப்புக் காற்றும் சேர்ந்து செங்கல்லை மாவாக்கின. விரிசலில் ஓர் அரசங்கன்று முளைத்தது.

ஒவ்வொரு பொங்கலுக்கும் அதே இடத்தில் நின்று அதை எடுத்தேன். முதல் வருஷம் இரண்டு இலை. நாலாம் வருஷம் வேர் விரல் தடிமன். ஏழாம் வருஷம் சுவர் பிளந்து வேர் சடையாகத் தொங்கியது. பார்த்தவர்கள் கொண்டாடினார்கள். எட்டாம் வருஷம் வீட்டை இடித்துவிட்டார்கள்.

பிறகு அந்த வீட்டில் பிறந்த பெரியவர் ஒருவர் என்னைத் தேடி வந்தார். "தம்பி, நிலைக்கதவு படம் ஒண்ணு இருக்குமா? அதுலதான் எங்கம்மா வருஷா வருஷம் எங்க உயரத்தைக் கோடு போட்டு வெப்பாங்க" என்றார். தேடினேன். ஏழு வருஷத்துப் படங்களிலும் மரம் இருந்தது, கதவு இல்லை. அவர் வெறுங்கையோடு திரும்பிய நடையை என்னால் மறக்க முடியவில்லை.

இப்போது நிலை, தாழ்ப்பாள், தூண்கால், உத்தரம் சேரும் மூட்டு எல்லாவற்றையும் எடுக்கிறேன். தெருப் பெயரும் தேதியும் எழுதி வைக்கிறேன். அழகான படங்கள் இல்லை. செப்பனிட வரும் கொத்தனாருக்கும் தேடி வரும் பிள்ளைக்கும் இவைதான் உதவும்.

உங்கள் ஊரில் பழைய சுவரில் அரசங்கன்றைப் பார்த்தால், படம் எடுத்த கையோடு வீட்டுக்காரருக்கு ஒரு வார்த்தை சொல்லுங்கள். இரண்டு இலையாக இருக்கும்போது அதை விரலாலேயே பிடுங்கிவிடலாம்.