ஞாயிற்றுக்கிழமைப் பஃபே

மாதத்தில் ஒருக்காவாவது எங்கட வட்ஸ்அப் குறூப்பில் யாராவது அப்படியொரு படத்தைப் போடுவினம். வெள்ளைத் துணி விரித்த நீட்டு மேசை, மூடி போட்ட பளபளக்கிற சட்டிகள், மூலையில் தர்ப்பூசணியில் வெட்டின பூ. 'சண்டே பிரஞ்ச்', 'அன்னையர் தின ஸ்பெஷல்', 'தீபாவளி லஞ்ச் பஃபே'. கீழே விலை. அதுக்கும் கீழே, கண்ணுக்குத் தெரியாத எழுத்தில் வரி. நாங்கள் சின்னனாய் இருக்கேக்க இப்படியான விளம்பரம் கொழும்பிலிருந்துதான் வரும். இப்ப யாழ்ப்பாண ரவுணுக்குள்ளேயே இருந்து வருது.

1990இல் நின்றுபோன யாழ்ப்பாண ரயில் 2014 ஒக்ரோபரில்தான் திரும்ப வந்தது. 2016இல் ஜெட்விங், மகாத்மா காந்தி வீதியில் ஹோட்டல் திறந்தது. 2019இல் பலாலி சர்வதேச விமான நிலையம். ஆட்கள் வந்து இறங்க இறங்க அறைகள் கட்டினார்கள். அறை நிரம்பாத மாதத்திலும் குசினி ஓடவேணுமே, அதுக்குத்தான் ஊர்ச்சனத்தைக் கூப்பிடுகிற பஃபே.

பிரஞ்ச் என்ற சொல்லை 1895இல் கை பெரிங்கர் என்ற ஆங்கில எழுத்தாளர் ஒரு பத்திரிகைக் கட்டுரையில் எழுதினார். சனி இரவு கூத்தடித்துவிட்டு ஞாயிறு பிந்தி எழும்புகிறவைக்கு, காலைச் சாப்பாட்டையும் மத்தியானச் சாப்பாட்டையும் ஒன்றாக்கலாம் என்பது அவருடைய வாதம். எங்கட ஊரில் ஞாயிறு பிந்தி எழும்பினால் மீன் கிடையாது. பத்தரை மணிக்கெல்லாம் சந்தைக்குப் போய் வந்து, மீன் வெட்டிக் கழுவி, கறி அடுப்பில் ஏறியிருக்கும். ஆனபடியால் இங்கே பிரஞ்ச் எண்டு போடுகிறதை எல்லாரும் மத்தியானச் சாப்பாடாகத்தான் எடுக்கினம். பதினொரு மணிக்குத் திறந்தால் பன்னிரண்டரைக்குத்தான் சனம் வரும்.

நாங்கள் ஐந்து பேர், ஏ.எல். ஒண்டாய்ப் படிச்சவை. காசு சேர்த்து, இந்த வருசம் ஒரு ஞாயிறு எங்கட அம்மாமாரைக் கூட்டிக்கொண்டு போனம். ஆளுக்கு ஐயாயிரத்துக்குக் கிட்ட. அதுக்கு மேல் 10 வீத சேவைக் கட்டணம், 2024 ஜனவரியில் கூட்டின 18 வீத வற் வரி. அந்தக் காசுக்கு ரவுணில் பத்துச் சோற்றுப் பார்சல் கட்டலாம் எண்டு ஒரு அம்மா வாசலிலேயே கணக்குப் பார்த்துவிட்டா. பிழையான கணக்கில்லை. அரிசியும் எண்ணெயும் 2022இல் ஏறின பிறகு பழைய இடத்துக்கு இறங்கவேயில்லை, அந்தக் கணக்கு எல்லா வீட்டிலும் ஓடுது.

சாப்பாட்டைப் பற்றிச் சொல்லவேணும். நண்டுக்கறி நல்லது, பொய் சொல்லக் கூடாது. இடியப்பமும் சொதியும் நல்லது. பிட்டு பாவம். நீத்துப்பெட்டியால் கொட்டின கையோடு தின்னவேண்டிய சாமான் அது. ஒரு மணித்தியாலம் மூடிக்குள் கிடந்தால் ஒரு பக்கம் காய்ந்து, மற்றப் பக்கம் வேர்த்துப்போய்விடும். மற்றபடி ஃபிரைட் ரைஸ், டெவில் கோழி, வட்டிலப்பம். காலியில் இருந்தாலும் கண்டியில் இருந்தாலும் இதுதான் கிடைக்கும்.

'யாழ்ப்பாண ஸ்பெஷல்' எண்டு தனியாக ஒரு மூலை. அங்கே கூழ், காப்பிக் கோப்பையிலும் சின்னனான வெள்ளைக் கிண்ணத்தில்.

கூழ் காய்ச்சுகிற நாளை யோசித்துப் பாருங்கோ. ஒடியல் மாவைத் தண்ணியில் ஊறவிட்டு, தெளிந்த தண்ணியை வடித்து ஊற்றவேணும், இல்லாட்டிக் கசக்கும். மீன் தலை, நண்டு, இறால், கணவாய், பயத்தங்காய், பலாக்கொட்டை, மரவள்ளிக்கிழங்கு, கடைசியில் முருங்கையிலை. செத்தல் மிளகாயை அரைத்து, புளியைக் கரைத்து, கரைத்த மாவை விட்டுத் துழாவவேணும். ஒராளுக்குக் கூழ் காய்ச்ச ஏலாது. இவ்வளவு சாமானும் சேர்ந்தாலே பத்துப் பேருக்கு வந்துவிடும். அதனால்தான் கூழ் எண்டால் சித்தி வீட்டுக்கும் பக்கத்து வீட்டுக்கும் முதலே சொல்லியனுப்புகிறது. பானையைச் சுற்றி இருந்து பனையோலைப் பிளாவிலோ சிரட்டையிலோ குடித்து, மூக்கால் தண்ணி ஓட, இன்னும் கொஞ்சம் விடு எண்டு நீட்டுவினம். ஹோட்டல் கூழில் உறைப்பு இல்லை, நண்டுக்கால் இல்லை, துப்புகிறதுக்கு ஒரு முள்ளும் இல்லை. வெள்ளைக்காரருக்குப் பயந்து காய்ச்சின கூழ். ஆனாலும் அந்தக் கிண்ணத்துக்கு முன்னால் ஒரு கனடாக் குடும்பம் நின்று படம் எடுத்துக்கொண்டிருந்தது. அந்தத் தாத்தா மூன்று கிண்ணம் குடித்தார். அவருக்கு அது காணும்போல.

இனி வரிசை. கலியாண மண்டபங்களிலும் இப்ப பந்தி குறைந்து பஃபே வந்திட்டுது. பந்தி எண்டால் நீங்கள் இருப்பியள், சாப்பாடு உங்களைத் தேடி வரும், போதும் எண்டு கையால் மறிக்கும் வரைக்கும் போடுவினம். பஃபேயில் நீங்கள் கோப்பையைத் தூக்கிக்கொண்டு சாப்பாட்டைத் தேடிப் போகவேணும். எங்களுக்கு இது பழகிப்போச்சு. எங்களில் ஒருத்தியின் அம்மா மட்டும் கதிரையை விட்டு எழும்பவில்லை. பசிக்கேல்லை எண்டா. பிறகு நாங்கள் நெருக்க, மகளுக்கு மட்டும் கேட்கிற மாதிரி, "கோப்பையோட லைனில நிக்க எனக்கு ஏலாது பிள்ளை" எண்டா.

அவை வன்னி. 2009இல் செட்டிகுளம் மெனிக் பாம் முகாமில் இருந்தவை. அங்கே சோற்றுக்கும் தண்ணிக்கும் வரிசை. அந்த அம்மா ஒரு கையில் கோப்பையும் மற்றக் கையில் மகளுமாக வெயிலில் நிற்பாவாம். தங்கட முறை வரேக்க வாளி வழிச்சுக் கிடந்த நாட்களும் இருக்காம். எட்டு வயதில் அந்தக் கையைப் பிடித்துக்கொண்டு நின்றவள்தான் பதினைந்து வருசத்துக்குப் பிறகு அம்மாவை பஃபேக்குக் கூட்டி வந்திருக்கிறாள். அவளுக்கு வரிசை மறந்துபோச்சு, சோற்றின் மணம் மட்டும் ஞாபகம் எண்டாள்.

நாங்கள் அந்த மேசையில் கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தம். ஒண்டாய் இருந்து சாப்பிடுகிறது இந்த ஊரில் சின்ன விசயமில்லை, ஒருநாளும் சின்ன விசயமாய் இருந்ததுமில்லை. 1930ஐ ஒட்டிய காலத்தில் பள்ளிக்கூடங்களில் எல்லாப் பிள்ளைகளையும் சமமாக ஒரே வாங்கில் இருத்தவேணும் எண்டு வந்ததற்காகப் பள்ளிக்கூடங்களை எரித்த ஊர் இது. 1957இல் சமூகக் குறைபாடுகள் தடைச் சட்டம் வந்த பிறகும் தேத்தண்ணிக் கடைகளில் ஒரு பகுதிச் சனத்துக்குப் போத்தலிலும் தகரப்பேணியிலும்தான் தேத்தண்ணி, அதுவும் வெளியில் நின்று. 1966 ஒக்ரோபர் 21 சுன்னாகத்தில் தொடங்கின ஊர்வலம், அதுக்குப் பிறகு நடந்த தேநீர்க்கடைப் பிரவேசங்கள், 1968இல் மாவிட்டபுரம் கோயில் வாசல் எல்லாம் அதுக்கான போராட்டம்தான். கே. டானியலின் 'பஞ்சமர்' நாவல் அந்தக் காலத்தைப் பற்றியது. எங்கள் ஐந்து பேரின் அப்பப்பாமாரும் ஒரே கடையில் ஒரே மாதிரிப் பேணியில் தேத்தண்ணி குடித்திருக்க ஏலாது.

அந்தக் கணக்கில் பார்த்தால் ஹோட்டல் பஃபே ஒரு அதிசயம். ஒரே அகப்பையை எல்லாரும் தொடுகினம். யார் சமைச்சது எண்டு ஒருத்தரும் கேட்கிறதில்லை. நீங்கள் எந்த ஊர், ஆருடைய பிள்ளை எண்டு விசாரிக்கிறதுக்கு அங்கே ஆளில்லை. வீட்டுக்கு வந்த ஆளுக்கு எந்தக் கோப்பையில் குடுக்கிறது எண்டு யோசிக்கிற வீடுகள் இண்டைக்கும் இருக்கிற ஊரில், ஐயாயிரம் ரூபா குடுத்தால் அந்தக் கேள்வி நின்றுபோகுது. ஐயாயிரம் இல்லாதவைக்கு நிற்கிறதில்லை. இதைச் சந்தோசமாய் எடுக்கிறதோ கோவமாய் எடுக்கிறதோ எண்டு எங்களுக்குள்ளேயே இன்னும் ஒத்துவரேல்லை. ஒருத்தன், காசு ஒரு வாசலையாவது திறக்குதே எண்டுறான். இன்னொருத்தி, கோயில் அன்னதானத்தில் திறக்காத வாசலைக் கார்ட் மெஷின் திறக்கிறது வெட்கம் எண்டுறாள்.

இதுக்கிடையில் கறுப்புச் சேட்டுப் போட்ட ஒரு பெடியன் எங்கட மேசைக்கு வந்தான். பார்த்தால் எங்கட பள்ளிக்கூடம், இரண்டு வருசம் இளையவன். "அன்ரி, நீங்கள் இருங்கோ. என்ன வேணும் எண்டு சொல்லுங்கோ, நான் கொண்டுவாறன்" எண்டான். அது அங்கத்தைய முறையில்லை, அவனுக்கும் தெரியும். சோறு, நண்டு, கத்தரிக்காய்க் குழம்பு, வாழைப்பூ வறை, அப்பளம். பந்தியில் வைக்கிற ஒழுங்கில் கோப்பையைச் சுற்றி வைத்துக்கொண்டு வந்தான். அம்மா கை கழுவிப்போட்டு வந்து சாப்பிட்டா. கரண்டி முள்ளுக்கரண்டி அப்படியே கிடந்தது. இரண்டாந்தரம் சோறு கொண்டுவந்தபோது போதும் எண்டு கையால் மறித்தா. அவன் கேட்காமல் ஒரு கரண்டி போட்டான்.

எழும்பேக்க அவ சட்டிகளைப் பார்த்தா. பாதிக்கு மேல் அப்படியே இருந்தது. மிச்சத்தை என்ன செய்வினம் எண்டு கேட்டா. கட்டிக் குடுக்கிறதில்லையாம், அவனுக்கும் வடிவாய்த் தெரியாது.

"நீ சாப்பிட்டியோ தம்பி?"

"மூண்டரைக்குப் பிறகுதான் அன்ரி. எங்கட சாப்பாடு வேற, பின்னுக்கு."

சுவரில் மணி இரண்டு இருபது. அம்மா கைப்பையைத் திறந்து, பிறகு மூடினா. வீடு எங்க எண்டு கேட்டா, கொக்குவில் எண்டான். கூழ் குடிப்பியோ எண்டு கேட்டா.