கடைசி முறுக்கு

பஞ்சர் போட்டு, சக்கரத்தை மாட்டி, ஜாக்கியை இறக்கியதுமே எல்லோருக்கும் ஓர் அவசரம் வந்துவிடுகிறது. கடைக்காரருக்கு அடுத்த வண்டி காத்திருக்கிறது; நமக்கு இருட்டுவதற்குள் ஊர் போய்ச் சேர வேண்டும். அந்த அவசரத்துக்குள்தான் வீல் நட் முறுக்குவதும் நடந்து முடிகிறது. மைலேஜ், பிரேக், ஏர் பேக் என்று மணிக்கணக்காகப் பேசுகிற நாம், சக்கரத்தை வண்டியோடு பிடித்து வைத்திருக்கும் நாலைந்து நட்டுகளைப் பற்றிப் பேசுவதே இல்லை. இது என் நெடுநாள் ஆதங்கம்.

அந்த நட்டுகள் ஏறும் மரைத் தண்டுகளுக்கு ஸ்டட் என்று பெயர். வண்டியின் எடையை அந்த ஸ்டட்டுகள் தாங்குவதாகத்தான் பலர் நினைக்கிறார்கள். நடப்பது வேறு. நட்டை முறுக்க முறுக்க ஸ்டட் மயிரிழை அளவு நீள்கிறது. நீண்ட இரும்பு பழைய நிலைக்குச் சுருங்கப் பார்க்கிறது. அந்த இழுப்புதான் ரிம்மை ஹப்போடு அழுத்திப் பிடிக்கிறது. நம் ஊர்ச் சிறிய கார்கள் பலவற்றில் இருப்பது 12 மில்லிமீட்டர் ஸ்டட். அதை 100 நியூட்டன் மீட்டர் அளவுக்கு முறுக்கினால் ஒவ்வொன்றும் ஏறக்குறைய 4 டன் விசையோடு இறுக்கும். பிரேக் மிதிக்கும்போதும் பள்ளத்தில் விழும்போதும் சக்கரம் அசையாமல் நிற்பது இந்த அழுத்தம் தரும் உராய்வினால்தான். அது குறைந்தால் ரிம் ஹப்பின்மேல் துளி அசையும். அசைவு நட்டை மேலும் தளர்த்தும். தளர்ந்த நட்டு அசைவைக் கூட்டும். ஸ்டட் வளைந்து வளைந்து ஒரு நாள் முறியும். ஒரு நட்டு விழுந்துபோன பிறகும் மூன்று இருக்கிறதே என்று ஓட்டுகிறவர்கள் இதைத்தான் மறந்துவிடுகிறார்கள். விழுந்ததன் சுமை மற்ற மூன்றின் தலையில்தான் ஏறுகிறது.

ஒரு பட்டறையில் அப்படி ஓடிய ரிம் ஒன்றைக் கையில் எடுத்துப் பார்த்திருக்கிறேன். வட்டமாக இருக்க வேண்டிய துளைகள் முட்டை வடிவத்துக்குத் தேய்ந்திருந்தன. ஓரமெல்லாம் பளபளப்பு, அதைச் சுற்றிக் கறுப்பாக இரும்புத் தூள். ஒரு துளையிலிருந்து துருக்கோடு கண்ணீர்த் தடம்போல வெளிப்பக்கம் வழிந்திருந்தது. அந்த வண்டி எத்தனையோ நாள் 'தட் தட்' என்று சொல்லியிருக்கும், ஸ்டியரிங்கை உதறியிருக்கும். அலைன்மென்ட் போயிருக்கும் என்று யாரோ ஆறுதல் சொல்லியிருப்பார்கள்.

அதற்காக மிதித்து இறுக்குவதும் சரியில்லை. வண்டியோடு வரும் ஸ்பேனரின் கைப்பிடி 30 சென்டிமீட்டர் என்று வைத்துக்கொள்வோம். 65 கிலோ ஆள் அதன் நுனியில் ஏறி நின்றால் முறுக்கு 190 நியூட்டன் மீட்டரைத் தொடும். ஏறக்குறைய இரண்டு பங்கு! எல்லை மீறி நீண்ட ஸ்டட் பிறகு சுருங்காது, மரையும் போகும். காற்றழுத்தத்தில் நட்டு முறுக்கும் ஏர் கன்னை வைத்து நிறுத்தாமல் ஓட்டுவதும் இதே கெடுதலைத்தான் செய்கிறது. மரைக்கு எண்ணெய் விடுவதும் தவறு. வழுக்கலினால் அதே முறுக்குக்கு ஸ்டட் கூடுதலாக இழுபட்டுவிடும்.

உளுந்தூர்பேட்டைக்கு அப்பால் சாலையோர டயர் கடை ஒன்றில் ஒரு பெரியவர் வேலை செய்ததைப் பார்த்து நின்றிருக்கிறேன். பையன் ஏர் கன்னைத் தூக்கினான். "டேய், அத வை. மொதல்ல கையால மரை ஏத்து" என்றார். ஹப் முகத்துத் துருவை ஒயர் பிரஷ்ஷால் தேய்த்தார். ஒவ்வொரு நட்டும் தடையில்லாமல் ஏறுகிறதா என்று விரலாலேயே சுற்றிப் பார்த்தார். எதிரும் புதிருமாக முறுக்கி, டயர் தரையைத் தொட்ட பிறகுதான் கடைசி முறுக்கு. பணம் வாங்கும்போது சொன்னார்: "அம்பது கிலோமீட்டர் போனதும் ஒரு தடவ ஸ்பேனர் போட்டுப் பாத்துக்குங்க சார். யாரு மாட்டுனாலும் பாக்கணும்." ரிம்முக்கும் ஹப்புக்கும் நடுவே மாட்டிய துருவும் பெயின்ட்டும் ஓட்டத்தில் நசுங்கும், நசுங்கிய அளவுக்குப் பிடி தளரும். அவர் சொன்னதன் காரணம் அது.

தேர்ந்த கைகளிலும் இது தவறும். 1991 போர்ச்சுகல் கிராண்ட் பிரீ கார் பந்தயத்தில் முதலிடத்தில் ஓடிக்கொண்டிருந்த நைஜல் மான்செல் டயர் மாற்றிக் கிளம்பிய உடனே, அவர் காரின் பின் சக்கரம் பிட் பாதையிலேயே கழன்று உருண்டது. நட்டு பூட்டப்படும் முன்பே போகச் சொல்லிவிட்டார்கள். 2021 மொனாக்கோ பந்தயத்தில் நேர்மாறு. வால்டேரி போட்டாஸின் முன்சக்கர நட்டின் விளிம்புகளை ஏர் கன் மழித்துவிட, சக்கரம் கழலவே இல்லை. இரண்டாம் இடத்தில் இருந்தவர் பந்தயத்தை விட்டு வெளியேறினார்.

அலாய் வீல் மாற்றுகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. ஹோண்டா கார்களின் நட்டு உட்காரும் இடம் பந்துபோல் உருண்டையானது; வெளிச்சந்தை அலாய்கள் பெரும்பாலும் கூம்பு வடிவ நட்டைக் கேட்கும். பழைய நட்டையே போட்டால் எவ்வளவு முறுக்கினாலும் சரியாக உட்காராது. எல்லோருக்குமாக இன்னொன்று: நடுவழியில் ஒரு சக்கரத்தின் நட்டுகள் எல்லாம் காணாமல் போய், ஸ்டட்டுகள் நன்றாக இருந்தால், மற்ற மூன்று சக்கரங்களிலிருந்தும் ஒவ்வொன்றாகக் கழற்றிப் போட்டு, பக்கத்துக் கடைவரை மெல்ல ஓட்டிச் செல்வது பழைய டிரைவர்களின் வழக்கம். பக்கத்துக் கடைவரை மட்டும்.

முறுக்கும் அளவைக் காட்டும் டார்க் ரென்ச் ஒரு நல்ல டயரின் விலைக்குள் கிடைக்கிறது. கண்ணாடிக் கதவும் ஏசியுமாக இருக்கும் டயர் கடைகளில்கூட, கேட்டால்தான் அதை எடுக்கிறார்கள். நான் கேட்கிறேன். வண்டியின் கையேட்டில் அளவு போட்டிருக்கும் பக்கத்தைத் திறந்தும் காட்டுகிறேன். சிலர் முகம் சுளிப்பார்கள். பிறகு உள்ளே போய்ப் பெட்டியைத் தேடி எடுத்து வருவார்கள்.