தாய்மாமன் சீர்!

மெல்போர்னிலிருந்து வந்து இறங்கியதுமே அக்கா போட்ட உத்தரவு: "பையனுக்குக் கடலை ஆகாது. யாரும் குடுத்துடாதீங்க!"

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. பர்கூர்க்காரர் பேரனுக்குக் கடலை ஆகாதா? கொல்லையில் செடியோடு பிடுங்கிப் பச்சைக்கடலை தின்று வளர்ந்த வம்சமாச்சே! "அதெல்லாம் வெள்ளைக்காரன் வியாதிக்கா" என்று அலட்டிக்கொண்டேன்.

மறுநாள் அக்கா சமையல்கட்டில் இருந்த நேரம். மருமகப்பிள்ளை கையை நீட்ட, கடலை மிட்டாயில் ஒரு துண்டு பிட்டுக் கொடுத்தேன். தாய்மாமன் சீர்!

பத்தே நிமிஷம். உதடு வீங்கியது. உடம்பெல்லாம் தடிப்பு. மூச்சு விசிலடிக்க ஆரம்பித்தது. அக்கா ஓடிவந்து, பேனா மாதிரி ஓர் ஊசியைப் பையன் தொடையில் குத்தினாள். அட்ரினலின்! அப்புறம் ஆஸ்பத்திரி ஓட்டம். பிழைத்தான்.

ராத்திரி தூக்கம் வராமல் இதைப் பற்றித் தேடித்தேடிப் படித்தேன். மெல்போர்னில் ஒரு வயசுக் குழந்தைகளில் பத்தில் ஒன்றுக்கு மேல் உணவு அலர்ஜி என்கிறது 2011-ல் வெளியான ஆய்வு. பக்கத்துக் கர்நாடகத்தில் பள்ளிப் பிள்ளைகளிடம் எடுத்து 2020-ல் வெளியான கணக்கோ 0.14 சதவீதம்தான். எழுநூறு பேருக்கு ஒருத்தர்!

வெள்ளைக்காரன் வியாதியா? அதுவுமில்லை. ஆசியாவில் பிறந்து ஆஸ்திரேலியா போன பிள்ளைகளைவிட, ஆசியப் பெற்றோருக்கு அங்கேயே பிறந்த பிள்ளைகளுக்குத்தான் கடலை, கொட்டைப் பருப்பு வகை அலர்ஜி அதிகமாம். ரத்தம் ஒன்றுதான், பிறந்த மண் வேறு.

2000-ல் அமெரிக்கக் குழந்தை மருத்துவர் சங்கம், அலர்ஜி வர வாய்ப்புள்ள குழந்தைகளுக்கு மூன்று வயசு வரை கடலை வேண்டாம் என்றது. 2008-ல் அதைக் கைவிட்டது. 2015-ல் லண்டன் ஆய்வு தலைகீழாகச் சொன்னது. அப்படிப்பட்ட 640 கைக்குழந்தைகளில், டாக்டர் கண்காணிப்பில் சின்ன வயசிலேயே கடலை சாப்பிட ஆரம்பித்தவர்களுக்குக் கடலை அலர்ஜி 81 சதவீதம் குறைவு! ஆனால் இது அலர்ஜி வராமல் தடுக்கும் வழி. வந்துவிட்ட பிள்ளைக்கு நாமாகக் கொடுத்துப் பழக்கும் வேலையே கூடாது.

பி.காம். மூளை ஒன்றைப் புரிந்துகொண்டது. எழுநூறில் ஒன்று என்பது ஊர்க்கணக்கு. அந்த ஒன்று நம்ம வீட்டில் இருந்தால், நூற்றுக்கு நூறு.

காலையில் திட்டு விழும் என்று காத்திருந்தேன். அக்கா திட்டவில்லை. இன்னொரு ஊசியை என் சட்டைப் பாக்கெட்டில் வைத்தாள்.

"கால்சட்டை மேலயே குத்தலாம்டா. அவனை வெளியே கூட்டிட்டுப் போறப்ப இதையும் எடுத்துட்டுப் போ!"