அடுப்படியில் எகிறிய எண்

தஞ்சாவூர் பக்கம் மூன்று ஏக்கரில் சம்பா போடுகிறவர் அவர். காற்றின் தரம் காட்டும் கருவியைப் போன தை மாதம் வாங்கினார். காரணம், கோபம். பக்கத்து வயல்காரர் அறுவடை முடித்துத் தாளைக் கொளுத்த, இவருடைய அம்மாவுக்கு ராத்திரி முழுக்க இருமல். எவ்வளவு புகை வருகிறது என்று எண்ணைக் காட்டியே கேட்டுவிடலாம் என்று நினைத்தார்.

கடையில் ஒரே பெட்டியில் ஆறேழு விஷயம் அளக்கும் கருவிகளைத்தான் முதலில் எடுத்துக் காட்டினார்கள். அத்தனையும் தேவையில்லை. புகைக்குப் பார்க்க வேண்டியது பி.எம். 2.5. தலைமுடித் தடிமனில் ஏறக்குறைய முப்பதில் ஒரு பங்குதான் இருக்கும் நுண்தூசி அது. நுரையீரலின் அடி வரை போய்விடும். ‘லேசர் சென்சார்’ உள்ளதாகவும், எண்ணை மைக்ரோகிராமில் காட்டுவதாகவும் கேட்டு வாங்கினார். அது நல்ல யோசனை. வெறும் ‘ஏ.கியூ.ஐ.’ மட்டும் காட்டினால், அது இந்தியக் கணக்கா அமெரிக்கக் கணக்கா என்று தெரியாமல் குழப்பம்தான்.

முதல் நாள் விடியற்காலை வாசலில் வைத்தார். எங்கும் புகை இல்லை, எண்ணோ 180. பனி விலகியதும் பாதிக்கும் கீழே இறங்கியது. இந்த வகைக் கருவி ஈரத்துளியையும் தூசி என்றே எண்ணிவிடும். மூடுபனி நேரத்துக் கணக்கை நம்பக் கூடாது. அதன் பிறகு வெயிலும் மழையும் படாத தாழ்வாரத்தில், ஆள் மூச்சு விடும் உயரத்தில் தொங்கவிட்டார். தாள் எரிந்த சாயங்காலம் அங்கே 140 வரை போனது.

அன்று ராத்திரி கருவியை உள்ளே கொண்டு வந்தார். அம்மா விறகு அடுப்பில் வெந்நீர் போட்டுக்கொண்டிருந்தார். அடுப்பிலிருந்து நாலு முழம் தள்ளி வைத்தும் எண் 700-ஐத் தாண்டியது. நம் நாட்டில் ஒரு நாள் சராசரிக்கு வைத்திருக்கும் வரம்பு 60. உலக சுகாதார நிறுவனம் சொல்வது 15. ஒரு நிமிட எண்ணை நாள் சராசரியோடு நேராக ஒப்பிட முடியாதுதான். ஆனால் காலையும் மாலையும் அந்த அம்மா அடுப்பு முன்னால்தான் இருக்கிறார்.

“சிலிண்டர்தான் இருக்கே, ஏம்மா?”

“விருந்தாளி வந்தா வேணுமேன்னு வச்சிருக்கேன். இந்தப் புகையிலதானப்பா உன்னையும் வளர்த்தேன்.”

அதற்கு அவரிடம் பதில் இல்லை. வெந்நீர் அடுப்பைக் கொல்லைக்கு மாற்றினார். பருப்பும் சோறும் காஸில் வேகின்றன. அடுப்படியில் இரண்டு ஓட்டைத் தூக்கிப் புகை போக வழி வைத்தார். அதே நேரம், அதே இடத்தில் இப்போது 50, 60 காட்டுகிறது. கருவியின் உபயோகமே இந்த ‘முன்னே, பின்னே’ பார்ப்பதில்தான் இருக்கிறது. எண் பத்து இருபது முன்பின் இருந்தாலும் 700-க்கும் 60-க்கும் உள்ள வித்தியாசம் பொய்யில்லை. இருமல் குறைந்திருக்கிறது, நிற்கவில்லை. அதற்குக் கருவி போதாது. ஆஸ்பத்திரியில் குழாயில் ஊதச் சொல்லி நுரையீரலைச் சோதித்து, மருந்து கொடுத்திருக்கிறார்கள்.

அந்தச் சின்னத் திரைக்குத் தெரியாததும் நிறைய. நெல் தூற்றும்போது கண்ணுக்கே தெரிகிற பெருந்தூசியை இது சரியாகப் பிடிக்காது. எண் குறைவு என்று மூக்கில் துண்டு கட்டாமல் இருந்துவிடக் கூடாது. மூடிய அறையில் கரி நெருப்பு வைத்தால் வரும் கார்பன் மோனாக்சைடு ஆளையே கொல்லும். அதை அளக்க வேறு சென்சார் வேண்டும், இதில் இல்லை.

மாசியில் உளுந்துக்கு மருந்து அடித்த அன்று, கருவியை வரப்பில் வைத்துவிட்டு முகக்கவசம் இல்லாமல் இறங்கப் பார்த்தார் அவர். திரையில் பச்சை, எண் 22. பூச்சிமருந்தின் ஆவி அதில் தெரியாது என்று சொல்லித் தடுத்தவர், விசைத்தெளிப்பானை இரவல் கொடுக்க வந்திருந்த அதே பக்கத்து வயல்காரர். தாள் பேச்சும் அங்கேதான் வந்தது. வரும் தையில் வைக்கோல் கட்டும் மெஷினை இரண்டு பேருமாகச் சேர்ந்து வரச்சொல்வதாக இருக்கிறார்கள். வாடகை இன்னும் படியவில்லை.