சீனியும் புற்றும்

"சீனி தின்றால் புற்று வளருமாமே, நிஜமா?" பக்கத்து வீட்டுத் திண்ணையிலிருந்து பஸ் ஸ்டாண்டு வரை இந்தக் கேள்விதான். இதை நம்பி, மேலூரிலிருக்கும் என் மதினி, மார்பில் ஆபரேஷன் முடிந்து மருந்து ஏற்றிக்கொண்டிருந்த சமயத்தில், சீனியோடு சோறு, இட்லி, வாழைப்பழம் எல்லாவற்றையும் நிறுத்திவிட்டார். ஒரே மாதத்தில் ஐந்து கிலோ குறைந்தது. அடுத்த ஊசியைத் தள்ளிப்போட வேண்டியதாயிற்று.

இத்தனைக்கும் அந்தப் பேச்சில் பாதி நிஜம். 1920-களிலேயே ஜெர்மனி விஞ்ஞானி ஆட்டோ வார்பர்க் இதைக் கவனித்திருக்கிறார். நல்ல செல், பிராணவாயுவின் துணையோடு சீனிச்சத்தை முழுக்க எரித்துச் சுமார் 30 பங்கு சக்தி எடுக்கும். புற்று செல்லோ, பிராணவாயு இருந்தாலும் பெரும்பகுதியை அரைகுறையாக விட்டுவிடும். அந்த வழியில் கிடைப்பது வெறும் 2 பங்கு. சரியான ஊதாரி என்றுதான் நமக்குத் தோன்றும்!

ஆனால் அதில் ஒரு கணக்கு இருக்கிறது. மிக், ராஸ் என்று சில மரபணுக்கள் நம் எல்லோரிடமும் உண்டு. செல் எப்போது வளர வேண்டும் என்று சொல்வது அவற்றின் வேலை. அவை கெட்டுப்போனால், சீனிச்சத்து உள்ளே வரும் கதவுகள் கூடுதலாகத் திறக்கும். வந்ததில் ஒரு பகுதி எரியாமல், புது செல் கட்டும் சாமானாக மாறிவிடும். விறகுக்கு வந்த மரத்தை வீட்டுக்கு உத்தரமாகப் போட்டுக்கொள்வது மாதிரி.

பெட் ஸ்கேன் எடுப்பதும் இதை வைத்துத்தான். லேசாகக் கதிர்வீச்சு சேர்த்த சீனியை ஊசியில் ஏற்றினால், பல வகைப் புற்று அதை வாரி இழுத்துப் படத்தில் பளிச்சென்று தெரியும். மூளையும் அப்படியே பளிச்சிடும். அதற்கும் சீனிதானே ஆகாரம்!

"அப்போ நான் பட்டினி கிடந்தா அது சாகாதா டாக்டர்?" மதினி விடவில்லை.

"நீங்க சாப்பிடலேன்னா, தசையைக் கரைச்சு ஈரலே சீனி செஞ்சிடும்மா. ரத்தத்திலே சீனி இல்லாம போகாது. புற்று புரதத்தையும் கொழுப்பையும்கூட விடாது. தேயறது நீங்கதான்" என்றார் டாக்டர்.

அதற்காக தினமும் ஜிகர்தண்டாவுக்கு அனுமதி கிடைத்ததாக நினைக்க வேண்டாம். உடம்பு பெருத்தால் சில வகைப் புற்று வர வாய்ப்பு கூடும். சர்க்கரை வியாதிக்காரர்களுக்கு அளவும் வேண்டும்.

இப்போது மதினிக்குக் காலையில் மூன்று இட்லி, ஒரு முட்டை. மத்தியானம் பருப்புச் சோறு, கீரை. காபிக்கு அரை ஸ்பூன் சீனி. தள்ளிப்போன ஊசியைப் போன வாரம் போட்டாயிற்று.