தீத்தாமல் சாப்பிடப் பழகுதல்

குழந்தைக்குச் சோறு ஊட்டுவதை எங்கட பக்கம் 'தீத்துறது' என்போம். அந்தச் சொல்லில் வேலை முழுக்கப் பெரியவர்களுக்குத்தான். பிசைவது, உருட்டுவது, வாயில் வைப்பது எல்லாம் நாங்கள். பிள்ளை 'ஆ' காட்டினால் போதும். ஆனால் மூக்கில் ரியூப் போட்டு வளர்ந்த பிள்ளைக்கு இது சரிவராது.

அக்காவின் மகன் 28ஆவது வாரத்திலேயே பிறந்துவிட்டான். உறிஞ்சுவதும் விழுங்குவதும் மூச்செடுப்பதும் ஒன்றோடொன்று ஒத்துப்போக ஏறக்குறைய 34 வாரம் ஆகவேண்டும். அதுவரை மூக்கு வழியாக இரைப்பைக்குப் போகும் மெல்லிய குழாயில்தான் பால். நுரையீரல் பலவீனமான சில பிள்ளைகளுக்கு அது மாதக்கணக்கில் நீளும். திருகோணமலை உட்துறைமுக வீதிப் பக்கம் இருக்கிற எங்கட வீட்டுக்கு அவன் வந்தது கன்னத்தில் பிளாஸ்டரோடும் மூக்கில் ரியூபோடும்தான்.

பார்க்க வந்த சனம் சும்மா இருக்கேல்லை. "பாரை மீன் சொதி விட்டு ரெண்டு வாய் தீத்திப் பாருங்கோ, பிறகு தானாத் தின்னுவான்" என்றார் ஒரு மாமி. "தாய்க்குத் தீத்தத் தெரியேல்லைப் போல" என்று இன்னொருவர் மெதுவாகச் சொன்னது குசினியில் நின்ற அக்காவுக்குக் கேட்டது. அன்றைக்கு அவ சாப்பிடவில்லை.

உண்மையில் இது பிடிவாதமும் இல்லை, தாயின் பிழையும் இல்லை. இரண்டு மூன்று மணித்தியாலத்துக்கு ஒருக்கா வயிறு தானாக நிரம்பினால் பசி என்பதே பிள்ளைக்குத் தெரியாது. அதோடு, அவனுடைய முகத்துக்குக் கிட்ட வந்ததெல்லாம் குழாய், சளி உறிஞ்சும் கருவி, பிய்த்து எடுக்கிற பிளாஸ்டர். அப்படியிருக்க, கரண்டி வந்தால் முகத்தைத் திருப்பாமல் என்ன செய்வான்?

ஆஸ்பத்திரியில் இதைப் பார்ப்பவர் பேச்சு சிகிச்சையாளர். "பேச்சுக்குத்தானே அவை?" என்று எங்கட அம்மாவும் கேட்டா. பேசுவதற்கும் விழுங்குவதற்கும் அதே நாக்கு, அதே உதடு, அதே தொண்டைதான். அவர் முதலில் பார்த்தது, விழுங்குவது நுரையீரலுக்குள் போகாமல் இருக்கிறதா என்று. அது தெரியாமல் வாயில் எதுவும் வைக்கக்கூடாது.

பிறகு வேலை மெதுவாகத்தான் நடந்தது. ரியூபில் பால் போகும் நேரம் அவனை மடியில் வைத்துக்கொண்டு, பாலில் தொட்ட சுத்தமான விரலைச் சூப்பக் கொடுத்தோம். வாய் அசைவதும் வயிறு நிறைவதும் ஒன்றாக நடக்கவேண்டும் என்பதற்காக. குறைமாதக் குழந்தைகள் ரியூபிலிருந்து வாய்க்கு மாற இந்தச் சூப்பல் உதவுவதாக ஆய்வுகளும் சொல்கின்றன. பிறகு பாயில் இருத்தி, மசித்த பூசணியையும் தயிரையும் முன்னால் வைத்தோம். கையில் பூசினான், காலில் பூசினான். ஒருவரும் 'ஆ காட்டு' சொல்லவில்லை.

ஒஸ்ரியாவின் கிராஸ் நகரப் பல்கலைக்கழகச் சிறுவர் மருத்துவமனையில் மார்கரீத் டுனிட்ஸ்-ஷியரும் பீற்றர் ஷியரும் உருவாக்கிய முறையும் இதைப் போன்றதுதான். பிள்ளைகளை நிலத்தில் இருத்தி, நடுவில் சாப்பாட்டை வைத்து விளையாட விடுவார்கள். பாய் விரித்து வட்டமாக இருந்து சாப்பிடுகிற எங்களுக்கு அது புதுசில்லை. கையைக் கட்டிக்கொண்டு பார்த்திருப்பதுதான் புதுசு. அமெரிக்க உணவியலாளர் எலின் சட்டர் இதை இப்படிப் பிரிக்கிறார்: என்ன, எப்போது, எங்கே என்பது பெரியவர் பொறுப்பு. சாப்பிடுவதா, எவ்வளவு என்பது பிள்ளையின் பொறுப்பு.

முதல் பல் வந்தபோது பல்லுக்கொழுக்கட்டை செய்தோம். தலையில் வெள்ளைத் துணி போட்டுக் கொழுக்கட்டை கொட்டினோம். அவன் ஒன்றை எடுத்து நசுக்கினான், மணந்து பார்த்தான், கீழே போட்டான். மாமி கையை நீட்ட, அம்மாவே தடுத்தா: "விடுங்கோ, அவன்ர பாடு."

அதற்குப் பிறகுதான் டொக்டர் ரியூப் பாலைக் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைத்தார், கிழமைக்கு ஒருக்கா நிறை பார்த்தபடி. நிறை கொஞ்சம் இறங்கிய கிழமைகளில் வீட்டில் ஒருவருக்கும் நித்திரை இல்லை. பசி வர இடம் விடவேண்டும். ஆனால் அந்த இடத்தை எவ்வளவு விடுவது என்பதை டொக்டர்தான் சொல்லவேண்டும். வீட்டில் நாங்களாகக் குறைக்கிற விசயமில்லை இது.

கிளினிக்கில் மூதூரிலிருந்தும் கிண்ணியாவிலிருந்தும் பஸ் ஏறி வந்த தாய்மாரைக் கண்டோம். தமிழில் பேசக்கூடிய பேச்சு சிகிச்சையாளர்கள் நாட்டில் குறைவு. களனிப் பல்கலைக்கழகத்தின் ராகம மருத்துவ பீடத்தில் இதற்கான பட்டப்படிப்பு இருக்கிறது. உயர்தரம் முடித்துவிட்டு என்ன படிக்கலாம் என்று யோசிக்கிறவர்கள் இதையும் யோசிக்கலாம்.

இப்போது அவனுக்கு ரெண்டு வயசு. ரியூப் இல்லை. சொதியில் ஊறின இடியப்பம் என்றால் விருப்பம், முட்டை என்றால் முகத்தைத் திருப்புவான். இப்படியான பிள்ளை இருக்கிற வீட்டுக்குப் போனால், இன்றைக்கு எத்தனை வாய் சாப்பிட்டான் என்று தாயிடம் கேட்காதேங்கோ. பக்கத்தில் இருந்து உங்கட சாப்பாட்டைச் சாப்பிடுங்கோ. பிள்ளை பார்த்துக்கொண்டிருக்கட்டும்.