2.7 உம் ஒரு சீதன உறுதியும்

கம்பஸில் ‘கிளாஸ்’ என்று சொன்னால் யாரும் வகுப்பறையை நினைப்பதில்லை. 3.70 எடுத்தால் முதல் வகுப்பு, 3.30 என்றால் இரண்டாம் வகுப்பு மேல்நிலை, 3.00 என்றால் கீழ்நிலை. அதுக்குக் கீழே 2.00 வரை நிற்கிறவர்களுக்குப் பட்டம் இருக்கு, கிளாஸ் இல்லை. நாங்கள் ஐந்து பேரும் அந்தக் கடைசி இடைவெளிக்குள்தான் நிற்கிறோம். சட்டம் படிக்கிறோம், நாலாம் வருசம். எங்கட சட்டத்துறை கலைப்பீடத்துக்குள்ள இருக்கு (பேராதனையிலும் அப்படித்தான்). அதால ஊரில எங்களை ‘ஆர்ட்ஸ் படிக்கிற பிள்ளை’ என்கிறவையும் உண்டு, இப்பவே ‘லோயர்’ என்று கூப்பிடுகிறவையும் உண்டு.

கொழும்பில் பெரிய சட்ட நிறுவனங்கள் இருக்கின்றன. 1879 இல் தொடங்கிய ஜூலியஸ் அன்ட் கிரீசி மாதிரி பிரித்தானியர் காலத்திலிருந்து வருகிறவையும் அதில் அடக்கம். வங்கிக் கடன், கம்பனி விவகாரம், வரி, வியாபாரக் குறி என்று தனித்தனிப் பிரிவுகள். அங்கே போக நாங்கள் ஆசைப்படுவதற்கு ஏசி அறை காரணமில்லை (சரி, கொஞ்சம் காரணம்தான்). மாதம் முடியச் சம்பளம் வரும் என்பதுதான் காரணம். ஊரில் ஒரு சீனியரிட்ட ஜூனியராக நின்றால் தொழில் நல்லாப் பழகலாம். கையில் காசு பார்க்க வருசக்கணக்காகும்.

பட்டம் முடிந்த அடுத்த நாளே கறுப்புக் கோட் போடலாம் என்றுதான் வீடுகளில் இன்னும் நினைக்கினம். புதுக்கடையில் சட்டக் கல்லூரியின் இறுதிப் பரீட்சை இருக்கு, ஆறு மாதப் பயிலுநர் காலம் இருக்கு, அதற்குப் பிறகுதான் உயர் நீதிமன்றத்தில் சத்தியப்பிரமாணம். அதுவரைக்கும் போடிங் காசு, சாப்பாடு, பஸ். மஹாபொலவும் அதற்குள் நின்றுவிடும். எங்களில் ஒருத்திக்குக் கீழே இரண்டு தங்கச்சிமார் படிக்கினம். இன்னும் ஒன்றரை வருசம் வீட்டுக்கு ஒன்றும் கொடுக்காமல் இருப்பதா, அபிவிருத்தி உத்தியோகத்தர் வேலைக்குப் போடுவதா என்ற கேள்வியோடுதான் அவள் ஒவ்வொரு நாளும் நூலகத்துக்கு வருகிறாள்.

ஐந்து பேரும் சேர்ந்து பதினேழு ஈமெயில் அனுப்பினோம். மூன்றுக்குப் பதில் வந்தது. இரண்டு இடங்கள் பெறுபேற்றுத் தாளைக் கேட்டன. அனுப்பினோம், பிறகு சத்தமில்லை. மூன்றாவது இடம் நேர்முகத்துக்குக் கூப்பிட்டது. எங்களில் ஒருவன் இரவு பஸ் ஏறி, காலமை வெள்ளவத்தையில் மாமா வீட்டில் முகம் கழுவிக்கொண்டு போனான். உள்ளே பன்னிரண்டு நிமிசம். முதல் கேள்வியே என்ன கிளாஸ் என்பதுதான். “அதுக்குப் பிறகு கேட்டதெல்லாம் மரியாதைக்குக் கேட்டது மச்சான்” என்றான்.

குவிகிற விண்ணப்பங்களை ஒராள் இருந்து முழுக்க வாசிக்க ஏலாது, ஒரு எண்ணை வைத்து வெட்டுவது லேசு. அது எங்களுக்கும் விளங்குது. ஆனால் அந்த எண்ணுக்குள் என்ன இருக்கு என்று ஒருக்கா பாருங்கோ. உயர்தரம் வரைக்கும் தமிழில் படித்துவிட்டு, முதல் வருசம் ரோமன் டச்சு ஒப்பந்தச் சட்டத்தை ஆங்கிலத்தில் எழுதினோம். எங்களில் ஒருத்தியின் கணக்கு இது: முதல் வருசம் 2.3, இரண்டாம் வருசம் 2.6, மூன்றாம் வருசம் 3.2. மூன்றும் சேர்த்தால் 2.7. அவள் 3.00 ஐத் தொடுவதென்றால் இந்த வருசம் 3.9 எடுக்க வேண்டும், அதாவது கிட்டத்தட்ட எல்லாமே ஏ. திருப்பி எழுதலாமே என்பீர்கள். திருப்பி எழுதினால் எவ்வளவு நல்லாச் செய்தாலும் சி தான். பத்தொன்பது வயதில் எங்களுக்கு வராத ஆங்கிலம், இருபத்திநாலு வயதில் வேலை தேடும்போதும் கூடவே வருகிறது. சட்டக் கல்லூரிப் பரீட்சைகளை ஆங்கிலத்தில் மட்டும் நடத்தும் விதியைப் பாராளுமன்றம் 2023 மார்ச்சில் தோற்கடித்ததுக்குச் சந்தோசப்பட்டோம். கொழும்பு நிறுவனங்களின் வாசலில் அது உதவாது.

எங்களுக்கு ஐந்து பட்ச் மூத்த அக்கா ஒருவர் கொழும்பில் ஒரு நிறுவனத்தில் இருக்கிறா. அவவுக்கும் கிளாஸ் இல்லை. எப்பிடி உள்ள போனீங்கள் அக்கா என்று கேட்டோம்.

“சுன்னாகத்தில ஒரு காணியை ஈடு வைச்சு ஒராள் வங்கியில கடன் எடுக்கிறார் எண்டு வையுங்கோ. ஃபைல் கொழும்புக்கு வரும். உறுதி தமிழில. பரப்பு, குழி, பங்குக் கிணறு, வழி வாய்க்கால் எண்டு இருக்கும். அது சீதன உறுதியா? அப்பிடியெண்டா புருசன் எழுத்தில சம்மதம் தந்தவரோ? அங்க இருந்த கெட்டிக்காரர் ஒருத்தருக்கும் அந்த உறுதியை வாசிக்கத் தெரியாது. என்னை எடுத்தது அதுக்குத்தான்.”

இதெல்லாம் நாங்கள் படித்ததுதான். 1707 இல் ஒல்லாந்தர் தொகுத்த தேசவழமை. மனைவி தன் அசையாச் சொத்தைக் கைமாற்றக் கணவனின் எழுத்துச் சம்மதம் கேட்கிற 1911 ஆம் ஆண்டுக் கட்டளைச் சட்டம் (இந்தக் காலத்திலும்! அதைப் பற்றித் தனியாக எழுத வேண்டும்). கூட்டுக் காணியில் பங்கு விற்கும்போது மற்றப் பங்குக்காரருக்கு முதலிடம் கொடுக்கிற 1947 ஆம் ஆண்டுச் சட்டம். இடம்பெயர்ந்தவர்களின் காணி வழக்குகளில் யுத்த காலத்தைக் காலவரையறைக்குள் எண்ணக்கூடாது என்ற 2016 ஆம் ஆண்டின் 5 ஆம் இலக்கச் சட்டம். பதினாறு பரப்பு ஒரு ஏக்கர் என்பது அம்மம்மாவுக்கும் தெரியும். எங்கட வீட்டுக் குசினிகளில் பாதிச் சண்டை கிணற்றுப் பங்கைப் பற்றித்தான்.

இதுக்காகத் தமிழ் தெரிந்தால் போதும் என்று ஆரும் நினைத்துவிட வேண்டாம். உறுதி தமிழில் இருந்தாலும் அதைப் பற்றிய அறிக்கையை ஆங்கிலத்தில்தான் எழுத வேண்டும். முதல் வருசம் தன்ர ஒவ்வொரு பக்கமும் சிவப்பு மையோடதான் திரும்பி வந்தது என்று அக்காவே சொன்னா. எங்களில் கம்பனிச் சட்டத்தில் விருப்பமான ஒருவனுக்கு இந்தக் கதை பிடிக்கவேயில்லை. “தமிழாள் எண்டா காணி ஃபைல்தானா? நான் ஏன் கிணத்துப் பங்கு பாக்கோணும்?” என்றான். நியாயமான கோபம். அக்கா மறுக்கவில்லை. “நானும் அதைத்தான் கேட்டனான். ரெண்டு வருசத்துக்குப் பிறகு வங்கிப் பிரிவுக்கு மாத்தி விட்டவை. சும்மா இல்லை, கேட்டுக் கேட்டு. அப்ப ஒருத்தரும் என்ர கிளாஸைக் கேக்கேல்லை.”

அதுக்குப் பிறகு சீவிகளை மாற்றினோம். மொத்தப் புள்ளியை மறைக்கவில்லை; பக்கத்தில் வருச வாரியாகவும் போட்டோம். பொது ஈமெயில் முகவரியை விட்டுவிட்டு, காணிப் பிரிவுக்குப் பொறுப்பானவரின் பெயருக்கே எழுதினோம். கூடவே இரண்டு பக்க உரித்து அறிக்கை ஒன்று. ஆளுக்கொரு உறுதியை வீட்டு அலுமாரியில் இருந்து எடுத்து, பெயர்களை அழித்து, காணிப் பதிவகத்தில் பார்க்க வேண்டியவற்றைக் குறித்து ஆங்கிலத்தில் எழுதியது. இதுவரை இரண்டு பேருக்குப் பதில் வந்திருக்கு. ஒருவர் அடுத்த மாதம் கொழும்புக்குப் போகிறார். கம்பனிச் சட்டக்காரன் காணி அறிக்கை எழுத மாட்டேன் என்று நிற்கிறான், அவன் தனியாகத் தேடுகிறான்.

தங்கச்சிமார் உள்ளவள் அரச வேலைக்கும் போட்டிருக்கிறாள், இதற்கும் எழுதியிருக்கிறாள். எங்கட அறிக்கைகளில் அவளுடையதுதான் திறம். அம்மாவின் சீதன உறுதியை வைத்து எழுதினது. கிணற்றில் எட்டில் ஒரு பங்கு ஆருக்கு என்ற பந்தியை மட்டும் திருப்பி எழுதச் சொல்லி அக்கா நேற்று அனுப்பியிருக்கிறா.